அம்மாவும் தொட்டம்மாவும்

எங்க ஊர் ஹனூர்னு சொன்னா இங்கே பஹ்ரைன்ல இருக்கற தமிழ் நண்பர்கள்ல பாதிப் பேர் "அது எங்கே இருக்கு?"ன்னு கேட்பாங்க. மாதேஸ்வரன் மலைக்குப் போற வழின்னா சேலம், மேட்டூர், தர்மபுரிக்காரங்களுக்குப் புரிஞ்சுடும். வீரப்பன் காடுன்னா எல்லாருக்கும் புரிஞ்சுடும். அதனால பேச்சைச் சுருக்கணும்னா நானும் வீரப்பன் பேரையே சொல்லிடறது. அம்மாவுக்கு அது பிடிக்காது. "ஏன் கண்ணு, ஊருக்கு வேற அடையாளமே இல்லையா?" ம்பாங்க.

அம்மா 2023 ஜனவரியில இறந்துட்டாங்க. அவங்களைப் பத்தி எழுதணும்னு உட்கார்ந்தா ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தரைப் பத்தித்தான் எழுத வருது. சரி, ரெண்டு பேரையும் சேர்த்தே எழுதிடறேன். எப்படியும் ரெண்டு பேரும் சேர்ந்தேதான் இருந்தாங்க.

கொள்ளேகாலத்துல இருந்து மலைக்குப் போற ரோட்டுல சுமார் 25 கிலோமீட்டர் வந்தா ஹனூர். 1956 நவம்பர் 1 வரைக்கும் கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவுல இருந்தது. எங்க தாத்தா பிறந்தப்போ சென்னை ராஜதானிக்காரர், அப்புறம் அதே வீட்டுல உட்கார்ந்தபடியே மைசூர்க்காரர் ஆயிட்டார். 1997-ல சாமராஜநகர் தனி ஜில்லாவாப் பிரிஞ்சது. ஆனாலும் ஊர்ப் பெரியவங்க இன்னும் மைசூர் ஜில்லான்னுதான் சொல்றாங்க. ஹனூர், ராமாபுரம், மார்த்தள்ளி, கோபிநத்தம்னு அந்தப் பக்கம் பூரா தமிழ் பேசற குடும்பங்க நிறைய. ஸ்கூல்ல கன்னடம், வீட்டுல தமிழ். நான் தமிழ் எழுத்துக் கத்துக்கிட்டது கொளத்தூர் மாமா அம்மாவுக்கு எழுதற இன்லேண்ட் லெட்டர்ல. (அதனால என் தமிழ்ல தப்பு இருந்தா மாமாவைக் கேளுங்க.)

அம்மா 1974-ல கல்யாணமாகி கொளத்தூர்ல இருந்து வந்தாங்க. மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூர், சென்னையில இருக்கறது இல்லை. பதினெட்டு வயசு, கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. அடுத்த தோட்டத்து வீட்டுல ஒரு அம்மா. நாலஞ்சு வயசு மூத்தவங்க, கையில ஒரு குழந்தை, இடுப்புல ஒண்ணு. முதல் சந்தைக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போனவங்க அவங்கதான். அம்மா அவங்களை அக்கான்னு கூப்பிட்டாங்க. அவங்க அம்மாவைத் தங்கின்னு கூப்பிட்டாங்க. கன்னடத்துல தங்கின்னா தங்கச்சி. எங்களுக்கு அவங்க தொட்டம்மா, அதாவது பெரியம்மா. அம்மா தமிழ்ல கேட்பாங்க, தொட்டம்மா கன்னடத்துல பதில் சொல்வாங்க. ரெண்டு பேருக்கும் அடுத்தவங்க பாஷை நல்லாவே தெரியும். ஆனாலும் கடைசி வரைக்கும் அப்படியேதான் பேசிக்கிட்டாங்க. 48 வருஷம்.

தொட்டம்மா வீட்டுல லிங்கம் கட்டறவங்க. மாமிசம் கிடையாது. எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை கோழி உண்டு. அதனால தொட்டம்மா எங்க வீட்டுல சமைச்ச எதையும் சாப்பிட மாட்டாங்க. காபி மட்டும் குடிப்பாங்க. அதுக்குன்னு ஒரு பித்தளை டம்ளரும் ஒரு பால் பாத்திரமும் அம்மா தனியாப் பரண் மேல வெச்சிருப்பாங்க. வேற யாரும் தொடக்கூடாது. சின்ன வயசுல எனக்கு இது கோபமா வரும். "அவங்க நம்ம வீட்டுல சாப்பிட மாட்டாங்க, நாம மட்டும் ஏன் அவங்க வீட்டுல போய் முத்தெ திங்கணும்?"னு கேட்டிருக்கேன். (முத்தென்னா ராகிக் களி.) "அவங்க வழக்கம் அவங்களுக்கு, பசி உனக்கு"ன்னு சொல்லி முடிச்சிட்டாங்க. இப்பவும் அந்த டம்ளர் எனக்கு உறுத்தல்தான். அம்மாவுக்கு உறுத்தலையேன்னு சமாதானம் பண்ணிக்கறேன்.

அம்மா குடுக்கற கையின்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். வீரப்பன் காலத்துல இருட்டினா மலைப்பாதையில பஸ் போகாது. கடைசி பஸ்ஸைத் தவற விட்டவங்க எங்க திண்ணையில படுத்திருப்பாங்க. யார், எந்த ஊர்னு கேட்கறதுக்கு முன்னாடி தட்டு வந்துடும். காசு கேட்டு வந்தா அம்மா கேட்கறது ஒரே கேள்வி, "எப்ப வேணும்?" எப்பத் தருவேன்னு கேட்டு நான் பார்த்ததே இல்லை. நான் பேங்க்ல கடன் பிரிவுல இருக்கேன். எங்களுக்கு முதல் கேள்வியே அந்த ரெண்டாவது கேள்விதான். அம்மா மாதிரி ஒரு கிளை மேனேஜர் இருந்தா மூணே மாசத்துல கிளையைப் பூட்டிடலாம் :-)

இதை ஊரும் சரியாத்தான் புரிஞ்சு வெச்சிருந்தது. கர்நாடகத்துல 2000-01-ல ஸ்த்ரீ சக்தி திட்டம் வந்தப்போ எங்க தெருவுலயும் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அம்மாவைத் தலைவியாப் போட்டாங்க. பணப்பெட்டியைத் தொட்டம்மாகிட்ட குடுத்தாங்க. தொட்டம்மா நாலாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவங்க. ஆனா யார் எந்த வாரம் எவ்வளவு கட்டினாங்க, யாருக்கு எத்தனை தவணை பாக்கின்னு நோட்டைத் திறக்காமலே சொல்வாங்க. ஒரு ரூபா விட மாட்டாங்க. அம்மா விட்டுக்குடுக்கற பணத்தையும் சேர்த்து அவங்கதான் ஞாபகம் வெச்சிருந்தாங்கன்னு எனக்குப் பிற்பாடுதான் தெரிஞ்சது.

இனிமே சொல்லப்போறது புரியணும்னா பட்டுப்புழு பத்திக் கொஞ்சம் தெரியணும். எங்க அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர், முழுக்க மல்பெரித் தோட்டம். முட்டை பொரிஞ்சு வர்ற புழு எறும்பு மாதிரி கறுப்பா, கண்ணுக்கே சரியாத் தெரியாது. நாலு தடவை தோல் உரிக்கும். எங்க பக்கம் அதை ஜுரம்னு சொல்வாங்க, முதல் ஜுரம், ரெண்டாம் ஜுரம்னு. அந்த நேரம் தின்னாது, தலையைத் தூக்கிட்டு அசையாம இருக்கும். நாலாம் ஜுரம் எழுந்த பிறகு வர்ற ஒரு வாரம்தான் பெரிய தீனி. மொத்தமாத் தின்கிற இலையில 80 சதவீதத்துக்கு மேல அந்த ஒரு வாரத்துல தின்னும். ராத்திரி விளக்கை அணைச்சுட்டுப் படுத்தா ஓட்டு மேல மழை பெய்யற மாதிரி சத்தம் கேட்கும். அந்த வாரத்துல இலை தட்டினா கூடு சின்னதாப் போகும், விலைக்குப் போகாது. நோய் விழுந்து தட்டோட போனாலும் போகும். இலையை வாங்கி வெச்சுக்கவும் முடியாது, வாடினா புழு தொடாது. அதனால எங்க ஊர்ல ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேட்கற பெரிய கடன் பணம் இல்லை, இலைதான். கைமாத்தா ரெண்டு கட்டு இலை குடுங்கன்னு விடியக்காலையில வந்து நிப்பாங்க. அம்மா குடுத்து அனுப்பிட்டு, நம்ம புழுவுக்கு என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிப்பாங்க. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்ததெல்லாம் பெரும்பாலும் இதுக்குத்தான்.

1991. நான் ஏழாங்கிளாஸ். ஜூன் 25-ந் தேதி காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டது, வருஷத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணி தமிழ்நாட்டுக்குக் கிடைக்கணும்னு. கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்து பார்த்தது, சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. டிசம்பர் 11-ந் தேதி அந்த உத்தரவு கெஜட்ல வந்தது. மறுநாள்ல இருந்து பெங்களூர்லயும் மைசூர்லயும் தமிழங்க வீடும் கடையும் எரிஞ்சது, உயிரும் போச்சு. ஆயிரக்கணக்கான குடும்பங்க கையில கிடைச்சதை எடுத்துட்டுக் கிளம்பினாங்க. எங்க பக்கத்துல ஏற்கெனவே பயம்தான். சரியா ஒரு மாசம் முன்னாடி, நவம்பர் 10-ந் தேதிதான் வன அதிகாரி ஸ்ரீநிவாஸை வீரப்பன் கொன்னிருந்தான். கோபிநத்தத்து ஜனங்களுக்கு மாரியம்மன் கோயில் கட்டிக் குடுத்த மனுஷன் அவர்.

எங்க தெருவுல ஒண்ணும் நடக்கலை. ஆனா நடக்கும், நாளைக்கு வர்றாங்க, நாளன்னைக்கு வர்றாங்கன்னு பேச்சு. 13-ந் தேதி ராத்திரி அப்பா முடிவு பண்ணிட்டார், விடிஞ்சதும் கொளத்தூர் போயிடலாம்னு. அம்மா மாட்டேன்னுட்டாங்க. வீட்டுல 100 முட்டைப் புழு, நாலாம் ஜுரம் எழுந்து மூணாம் நாள். "வாயில்லா ஜீவனுங்க, பசியில போட்டுட்டு வரச் சொல்றீங்களா?" அப்பா கத்தினார். நாங்க மூணு பேரும் மூலையில உட்கார்ந்து அழுதுட்டு இருந்தோம்.

விடியறதுக்கு முன்னாடி தொட்டம்மா அரிவாளோட வந்து நின்னாங்க. எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்காதீங்க, அப்பா கத்தினது நாலு தோட்டம் தாண்டிக் கேட்டிருக்கும். "பீகத கை கொடு தங்கி"ன்னாங்க. சாவியைக் குடு. அவ்வளவுதான் பேசினாங்க. ராகி மூட்டை ஏத்தின லாரியில மலை வரைக்கும் போனோம். அங்கிருந்து பாலாறு, கொளத்தூர். வழி பூரா அம்மா ஒரு வார்த்தை பேசலை.

சங்கராந்தி கழிச்சுத் திரும்பி வந்தோம். வீடு பெருக்கிச் சாணி மெழுகி இருந்தது. புழு வீட்டுல தட்டெல்லாம் கழுவிக் காயவெச்சு, சந்திரிகை எல்லாம் சுவத்துல சாத்தி இருந்தது. (சந்திரிகைன்னா புழு கூடு கட்டறதுக்கு மூங்கில்ல பின்னின தட்டி.) தொட்டம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ரூபாயை எண்ணி வெச்சாங்க. கூடு 46 கிலோ, கொள்ளேகால் மார்க்கெட்ல வித்தது 4,232 ரூபா. அதுல பஸ் சார்ஜ், மூட்டைக் கூலி, புழு வீட்டுக்குப் போட்ட சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து 106 ரூபா கழிச்சிருந்தாங்க. மீதி 4,126. மார்க்கெட் சீட்டும் கூடவே. அந்த 106 ரூபாயை எண்ணிக் கழிச்சதை நினைச்சு அப்பா ரொம்ப நாள் சிரிப்பார். அந்த வருஷம் எங்க வீட்டுல வேற வருமானம் கிடையாது. நாங்க மூணு பேரும் ஸ்கூலுக்குத் திரும்பப் போனது அந்தப் பணத்துல.

ரெண்டு மாசம் கழிச்சுக் களை எடுக்க வந்த அம்மா ஒருத்தி பேச்சுவாக்குல சொன்னா. நாங்க போன மூணாம் நாளே எங்க தோட்டத்துல வெட்டற பதத்துல இருந்த இலை தீர்ந்து போச்சாம். கடைசி ரெண்டு நாளுக்குத் தொட்டம்மா அவங்க தோட்டத்து இலையை வெட்டிப் போட்டிருக்காங்க. அவங்க வீட்டுக்குச் சொல்லி வெச்சிருந்த முட்டையை வேண்டாம்னு திருப்பிட்டாங்க. ஒரு பருவம் முழுக்க அவங்க வீட்டுல புழு இல்லை. அவங்க சொந்தக்காரங்களே, "தமிழங்க வீட்டுப் புழுவுக்கு நீ எதுக்குச் சாகறே?"ன்னு கேட்டிருக்காங்க. "பேச நேரம் இருந்தா வந்து எலை வெட்டு"ன்னு பதில் சொன்னாங்களாம். 106 ரூபாயைக் கணக்குல கழிச்சவங்க இலையைக் கணக்குல சேர்க்கவே இல்லை.

அம்மா அன்னிக்கு சாயங்காலமே அவங்க வீட்டுக்குப் போனாங்க. என்ன பேசினாங்கன்னு தெரியாது. திரும்பி வந்து அப்பாகிட்ட, "மேக்கால ஓரம் இருக்கே, புங்க மரத்துக்கு அந்தப் பக்கம், அந்த இலை இனிமே அக்காவுது. சொல்லிட்டு வந்துட்டேன்"ன்னாங்க. 20 குண்டெ, அதாவது அரை ஏக்கர். ரெண்டு ஏக்கர்ல கால்வாசி. அப்பா ரெண்டு நாள் பேசலை. அப்புறம் மூணாம் நாள் அந்த ஓரத்துக்கு வாய்க்கால் திருப்பி விட்டார். களையும் எருவும் தொட்டம்மா வீட்டோடது, தண்ணி எங்க கிணத்துல. எழுத்து இல்லை, சாட்சி இல்லை, எத்தனை வருஷத்துக்குன்னு பேச்சும் இல்லை.

அதுக்கப்புறம் வந்த வருஷங்கள் எங்க பக்கத்துக்காரங்களுக்கு மறக்காது. 1992 மே மாசம் ராமாபுரம் போலீஸ் ஸ்டேஷன்ல அஞ்சு போலீஸ்காரங்களைச் சுட்டாங்க. 1993 ஏப்ரல் 9-ந் தேதி பாலாறு கண்ணிவெடியில 22 பேர் செத்தாங்க. பாலாறு தாண்டினா எங்க அம்மா ஊர். வீரப்பனைப் பிற்பாடு 2004-ல புதைச்ச மூலக்காடும் அந்தப் பக்கம்தான். கொளத்தூர் பஸ்ல இருந்து இறங்கினாலே யார், என்ன, எதுக்குப் போனேன்னு கேள்வி. அம்மா பிறந்த வீட்டுக்குப் போறதையே குறைச்சுட்டாங்க. 1995-ல பாட்டி இறந்துட்டாங்கன்னு தகவல் வந்தப்போ அப்பா ஊர்ல இல்லை. தொட்டம்மா விபூதியை நெத்தி நிறையப் பூசிட்டு, "நட தங்கி, நானு பர்த்தீனி"ன்னு கூடவே பஸ் ஏறிட்டாங்க. வழியில நிறுத்திக் கேட்ட இடத்துல எல்லாம் அவங்களே கன்னடத்துல பேசி, என் தங்கச்சி, அவ அம்மா செத்துட்டாள்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. கொளத்தூர்ல மூணு நாள் வாழைப்பழமும் பாலும் மட்டும் சாப்பிட்டுட்டு இருந்தாங்க.

அம்மா பங்குக்குச் செஞ்சதும் குறைச்சல் இல்லை. 2006-ல சிக்குன்குனியா வந்து ஊரே முடங்கிக் கிடந்தப்போ தொட்டம்மாவுக்கு ரெண்டு மாசம் கை விரலை மடக்க முடியலை. அம்மாவுக்கும் வந்துதான் இருந்தது. காலை இழுத்துட்டே ரெண்டு வீட்டுப் புழுவையும் பார்த்தாங்க. தொட்டம்மா மருமகளோட முதல் பிரசவத்துக்குக் காமகெரே ஹோலி கிராஸ் ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா முழிச்சிட்டு இருந்ததும் அம்மாதான். 2000-க்கு அப்புறம் சீனப் பட்டு நூல் மலிவா வந்து இறங்கி, கூடு விலை விழுந்து, பல பேர் மல்பெரியைப் பிடுங்கிட்டு வேற பயிர் வெச்சாங்க. எங்க தோட்டத்துலயும் பாதி போச்சு. மேக்கால ஓரத்தை மட்டும் யாரும் தொடலை.

இன்னொண்ணு சொல்லணும். சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் ஜனங்க நடந்தே மலைக்குப் போவாங்க. "உகே மாதப்பா"ன்னு சத்தம் போட்டுட்டு எங்க ரோட்டு வழியா கூட்டம் கூட்டமாப் போகும். அம்மா வருஷா வருஷம் வாசல்ல நீர்மோரும் சித்ரான்னமும் குடுப்பாங்க. 2018 டிசம்பர் 14-ந் தேதி சுளுவாடி மாரம்மா கோயில்ல பிரசாதத்துல விஷம் கலந்து 15 பேருக்கு மேல செத்துப் போனாங்க, பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அது எங்க ஹனூர்ப் பக்கம்தான். அடுத்த சிவராத்திரி 2019 மார்ச்ல. அம்மா வழக்கம் போல அண்டாவை வெச்சுட்டு உட்கார்ந்தாங்க. ஒருத்தரும் வாங்கலை. மோரை வாங்கறதுக்குக் கூட யோசிச்சாங்க. தப்பு சொல்ல முடியாது. அம்மா எல்லாரும் பார்க்க ஒரு பிடி எடுத்துத் தான் சாப்பிட்டாங்க. அப்பவும் கூட்டம் தயங்கி நின்னது. அப்போ தொட்டம்மா எழுந்து வந்து, கையை நீட்டி வாங்கி, நெத்தி விபூதியும் கழுத்துல லிங்கமுமா நடுரோட்டுல நின்னு சாப்பிட்டாங்க. அக்கா வீடியோ கால்ல இதைச் சொன்னப்போ எனக்குப் பரண் மேல இருக்கற டம்ளர்தான் ஞாபகம் வந்தது. அண்டா மதியத்துக்குள்ள காலி. மறுநாள் காபி குடிக்க வந்தப்போ வழக்கம் போல அதே பித்தளை டம்ளர்லதான் குடிச்சாங்களாம்!

அம்மா போனது மாரடைப்புல. காலையில மாட்டுக் கொட்டாய்ல. முதல்ல பார்த்தது தொட்டம்மா. அப்பா 2011-லயே போயிட்டார். நான் இங்கிருந்து போய்ச் சேர மறுநாள் மத்தியானம் ஆயிடுச்சு.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாடியே ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. அம்மாகிட்ட வாங்கின பணத்தைத் திருப்பித் தரணும்னு. மார்த்தள்ளியில இருந்து ஒரு அம்மா 2,000 ரூபாயோட வந்தாங்க. ஒரு கொத்தனார், ஒரு டீக்கடைக்காரர், ஒரு காலேஜ் பையன். எவ்வளவு, எப்ப, எதுக்குன்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அம்மா எதையும் எழுதி வெச்சதில்லை. அண்ணன் ஒரு நோட்டை எடுத்துட்டு உட்கார்ந்தான். தொட்டம்மா திண்ணையில சாய்ஞ்சு உட்கார்ந்துட்டு ஒவ்வொருத்தரையும் பார்த்துச் சொன்னாங்க. "இவன்கிட்ட வாங்கு, இவனால தர முடியும்." "இவகிட்ட வாங்காதே, இவ புருஷன் போனப்பவே உங்கம்மா விட்டுட்டா." "இவன் அஞ்சாயிரம்னு சொல்றான், இல்லை, ஏழு." அந்த ஆள் தலையைச் சொறிஞ்சுட்டு ஏழுன்னு ஒத்துக்கிட்டார். மொத்தம் முப்பதாயிரத்துக்கு மேல வந்திருக்கணும், வாங்கினது பதினோராயிரம்.

எல்லாரும் போன பிறகு தொட்டம்மா என்னைக் கூப்பிட்டாங்க. "புட்டா, உங்கம்மா எனக்கு 240 ரூபா தரணும். போன மாசம் தவிடு மூட்டைக்குக் குடுத்தது." நான் எடுத்துக் குடுத்தேன். எண்ணிப் பார்த்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் அழுதாங்க.

நிலம் விஷயம் அவங்க எடுக்கவே இல்லை. எடுத்தது அண்ணன். ஹனூர் இப்போ தனி தாலுகா. ஆபீஸ் எல்லாம் வந்து, ரோட்டோர நிலத்துக்கு நல்ல விலை. அண்ணன் பெங்களூர்ல, அக்கா மேட்டூர்ல, நான் இங்கே. வித்துடலாம்னு சொன்னது நியாயம்தான், யாரும் திரும்பிப் போய் இலை வெட்டப் போறதில்லை. ஆனா லேஅவுட் போடறவர் முழு ரெண்டு ஏக்கரும் சேர்த்துத்தான் கேட்டார். மேக்கால ஓரம் தொட்டம்மாவுக்குன்னு அம்மா சொன்னது இருக்கேன்னு நான் சொன்னேன். "பேப்பர் இருக்கா?"ன்னு கேட்டான். நான் ஆபீஸ்ல ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்கற கேள்வி அது.

சட்டப்படி அண்ணன் சொன்னது சரி. 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்துல இதுக்குப் பேர் வெறும் அனுமதி. குடுத்தவங்க எப்ப வேணும்னாலும் பொதுவா ரத்து பண்ணலாம், நிலம் கைமாறினா புதுசா வாங்கினவரை அது கட்டுப்படுத்தாது. முப்பது வருஷம் இலை வெட்டினாங்கங்கறதுக்காக வாங்கறவர் வெட்ட விட மாட்டார். ஜே.சி.பி. வந்து ஒரு நாள் காலையில புங்க மரத்தோட சேர்த்துத் தள்ளிட்டுப் போயிடும். இப்போ அந்த இலையை வெச்சுப் புழு வளர்க்கறது தொட்டம்மாவோட மருமகள். அவங்க வீட்டுத் தோட்டத்து இலை மட்டும் 100 முட்டைக்குப் பத்தாது.

அந்த 20 குண்டெயை அவங்க பேருக்கே எழுதிடலாம்னு தொட்டம்மாகிட்ட போய்ச் சொன்னேன். வேண்டாம்னுட்டாங்க. "நிலம் உங்கம்மா குடுக்கலை, எலைதான் குடுத்தா. குடுக்காததை நான் ஏன் வாங்கணும்?" கணக்குல அவங்களை மடக்க முடியாது.

கடைசியில பாகப் பிரிவினை பண்ணினோம். 80 குண்டெயை மூணாப் பிரிச்சா ஆளுக்கு இருபத்தாறே முக்கால் சொச்சம் வரும்... இல்லை, இருபத்தாறரைக்குக் கொஞ்சம் மேல. நான் மேக்கால ஓரம் 20 போதும்னு எடுத்துக்கிட்டேன். மத்த ரெண்டு பேருக்கும் முப்பது, முப்பது. அதுக்கு அண்ணன் உடனே ஒத்துக்கிட்டான், அவனுக்கும் கணக்கு வரும். சண்டை வந்தது கிணத்துல. கிணறு அவன் பாகத்துல போகுது. தண்ணி இல்லாம இலை ஏது? அதனால அந்தக் கிணத்துல இருந்து என் 20 குண்டெக்குத் தண்ணி எடுக்கற உரிமையும் பைப் போற பாதையும் பத்திரத்துல எழுதி ரிஜிஸ்டர் ஆகணும்னு நின்னேன். இது அனுமதி இல்லை, நிலத்தோட ஒட்டின உரிமை, யார் வாங்கினாலும் கட்டுப்படணும். வாங்க வந்தவர் அதைப் படிச்சுட்டு விலையைக் குறைச்சார். அண்ணன் நாலு மாசம் எங்கிட்ட பேசலை. அக்கா நடுவுல மாட்டிக்கிட்டா. என் வீட்டம்மா, "பேங்க்காரர் பண்ற வேலையா இது?"ன்னாங்க, ஆனா சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. நிறைய யோசிச்சுப் பார்த்துட்டேன், இன்னொரு தடவை பண்ணச் சொன்னாலும் இதையேதான் பண்ணுவேன். அண்ணன் இப்போ பேசறான். கிணத்தைப் பத்தி மட்டும் பேசறதில்லை.

போன மாசம் தொட்டம்மாவோட மருமகள் வாட்ஸ்அப்ல பேசி அனுப்பியிருந்தாங்க. மேக்கால ஓரத்துச் செடியெல்லாம் கிழடாயிடுச்சாம், இலை சிறுத்துப் போச்சாம். பிடுங்கிட்டு வி-1 ரக நாத்து நடலாமான்னு கேட்டாங்க. தாராளமா நட்டுக்கோங்கன்னு சொன்னேன். பின்னால தொட்டம்மா குரல் கேட்டது. நாத்து அவங்க செலவாம், குழி எடுக்கற கூலியில பாதி என் கணக்காம். எவ்வளவுன்னு கேட்டு அனுப்பிட்டேன்.